இங்கிலாந்துக்குப் புறப்படும் பையனை ஒருமுறை உட்காரவைத்துப் பேசுங்கள்

சென்னை கிரிக்கெட் லீக் கிளப்களின் செயலாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம். உங்களில் பலருடைய நெட்ஸில் பந்து வீசி வளர்ந்தவன் நான். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளன். ரஞ்சியில் சில ஆட்டங்கள், லீக்கில் பல ஆண்டுகள், இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு சிற்றூர் கிளப்புக்காக ஒரு முழுக் கோடை. அந்தக் கோடையைப் பற்றியும், அதற்கு முன்பு என் வீட்டில் நடந்ததைப் பற்றியும் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் நம் பையன்களில் சிலர் ஏப்ரலில் விமானம் ஏறி, செப்டம்பரில் திரும்புகிறார்கள். அஷ்வின் 2017இல் வூஸ்டர்ஷயருக்கும், சாய் சுதர்சன் 2023இல் சர்ரேவுக்கும் ஆடியது எல்லோருக்கும் தெரியும். அதற்கெல்லாம் முன்பே வெங்கட்ராகவன் 1973 முதல் 1975 வரை டெர்பிஷயருக்கு ஆடினார். அவை கவுண்டி அணிகள், அதாவது முழுநேரத் தொழில்முறை அணிகள். ஒப்பந்தத்தைப் பார்க்கவும் காயத்தைக் கவனிக்கவும் அங்கே ஆட்கள் உண்டு. நான் பேசுவது வாரக்கடைசியில் மட்டும் ஆடும் ஊர் கிளப்களைப் பற்றி. நம் பையன்கள் தனியாகப் போய் நிற்பது அங்கேதான்.

முதல்முறை நான் போக முயன்றபோது எனக்கு 21 வயது. ஒரு முகவர் என் அப்பாவிடம் ஒன்றரை லட்சம் ரூபாய் வாங்கினார். வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்த பணம் அது. "பார்வையாளர் விசா போதும், ஆட்டத்துக்கு ஆட்டம் கையில் பணம் தருவார்கள், யாரும் கேட்கமாட்டார்கள்" என்றார். புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது, நான் ஆடவிருந்த ஊர் கிளப்பின் செயலாளரான ஒரு முதிய அம்மாள், என் விசா எந்த வகை என்று கேட்டு எழுதினார். சொன்னேன். "அந்த விசாவில் நாங்கள் உங்களை ஆடவைக்க முடியாது, மன்னியுங்கள்" என்று மறுநாளே பதில் வந்தது. என் பணம் போனது, அவ்வளவுதான். அதே முகவரிடம் பணம் கட்டிய இன்னொரு பையன், மான்செஸ்டர் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டான். ஆட்டத்துக்கு எவ்வளவு பணம் என்ற செய்தி அவன் கைபேசியில் இருந்தது. கிட் பையோடு ஓர் இரவு முழுக்க அறையில் உட்காரவைத்திருந்தார்கள். அவன் வேகப்பந்து வீச்சாளன். என்னைவிடத் திறமைசாலி. அதற்குப் பிறகு வெளிநாடு என்ற பேச்சையே அவன் எடுக்கவில்லை.

விதி என்ன சொல்கிறது என்பது மறைபொருள் அல்ல. பிரிட்டனில் பார்வையாளர் விசாவில் இருப்பவர் பணத்துக்கு ஆடக் கூடாது. பயிற்சி அளிக்கவும் கூடாது. இலவச வீடு, விமான டிக்கெட் போன்றவையும் ஊதியமாகவே எண்ணப்படலாம். தொழில்முறை வீரர் யார் என்பதற்கு அவர்களுடைய குடிவரவு விதி தரும் வரையறை மிக அகலமானது. வாய்ப்புத் தேடித் தர ஒரு முகவரை அமர்த்துவதே ஒருவரை அந்த வரையறைக்குள் தள்ளிவிடும். அண்மையில் மாநில அணிக்கு ஆடியதும் அப்படித்தான். எங்களிடம் பணம் வாங்கியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரியாமல் இருந்தது எங்களுக்கும், எங்கள் பெற்றோருக்கும், எங்கள் கிளப்புக்கும்.

ரஞ்சியில் ஆடிய பிறகு, முறையான விசாவோடு மூன்றாம் ஆண்டில் போனேன். வேறு கிளப். மைதானத்திலிருந்து பார்த்தால் பெண்டில் மலை தெரியும். ஏப்ரல் கடைசியில் முதல் ஆட்டம். மூன்று ஸ்வெட்டர் போட்டும் விரல் மரத்துப்போனது. பந்தின் தையல் கைக்குத் தட்டுப்படவே இல்லை. சேப்பாக்கத்தில் சுழன்று எழும்பும் பந்து, அங்கே ஈரத் தரையில் விழுந்ததும் சோர்ந்துபோனது. பேட்ஸ்மேன் பின்னங்காலில் நிதானமாக நின்று அடித்தார். முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கு விக்கெட்.

அந்தப் பகுதி லீக்குகளின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊருக்கு ஒரு தொழில்முறை வீரர். மற்ற பத்துப் பேரும் உள்ளூர்க்காரர்கள். லங்காஷயர் லீக் 1892இல் தொடங்கியது. மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கான்ஸ்டன்டைன் 1929 முதல் 1937 வரை நெல்சன் கிளப்புக்கு ஆடினார். அந்த ஒன்பது பருவங்களில் ஏழுமுறை நெல்சன்தான் சாம்பியன். கபில் தேவும் 1981இல் அதே கிளப்புக்கு ஆடியிருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் நின்ற இடத்தில் வாரத்துக்கு ஒரு விக்கெட் எடுத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். என் அணித் தலைவர் குழாய் பழுதுபார்ப்பவர். விக்கெட் கீப்பர் பள்ளி ஆசிரியர். என் சம்பளத்துக்காக அவர்கள் சந்தா கட்டுகிறார்கள், உணவுச்சாலையில் முறைபோட்டு வேலை செய்கிறார்கள். யாரும் என்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

என்னை மீட்டவர் மைதானப் பராமரிப்பாளர். எழுபதைத் தாண்டியவர். ஆட்ட நாள் காலையில் என்னைக் கூட்டிப்போய், ஆடுகளத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். எவ்வளவு பதிகிறது, எங்கே பதியவில்லை என்று என்னையே சொல்லவைத்தார். வேகத்தைக் கூட்டி, பந்தை இன்னும் முன்னால் குத்தவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பத்து நாள் ரோலரை இழுத்த பிறகு எனக்கே புரிந்தது. ஜூன் மாதம் ஓர் ஆட்டத்தில் எனக்கு ஆறு விக்கெட் விழுந்தபோது, அவர்கள் வழக்கப்படி பார்வையாளர்களிடையே ஒரு பெட்டி சுற்றி வந்தது. சில்லறையால் நிறைந்த அந்தப் பெட்டியை வாங்கியபோது கை நடுங்கியது.

வெள்ளிக்கிழமை மாலைகளில் நாற்பது சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். "மணிக்கட்டு ஏன் அப்படித் திரும்புகிறது?" என்று ஒரு பெண் குழந்தை கேட்டாள். பதினைந்து ஆண்டுகள் செய்துவந்த ஒன்றுக்கு என்னிடம் விளக்கம் இல்லை. அன்றிரவு ஒன்பதரை மணி வெளிச்சத்தில் தனியாக நின்று வீசிப் பார்த்தேன். என் பந்துவீச்சை நான் புரிந்துகொண்டது அந்த வாரத்தில்தான்.

ஆனால் செவ்வாயும் புதனும் கொடியவை. மழை, தனியறை, சோறு குழைந்துபோன பானை. திங்கட்கிழமைகளில் பர்ன்லியிலிருந்து ரயில் ஏறி லீட்ஸ் போவேன். யார்க் வரைகூடப் போயிருக்கிறேன். ஊர் சுற்றியதால்தான் தாங்கினேன். சென்னையிலிருந்து அந்த ஐந்து மாதமும் என் கிளப்பில் ஒருவர்கூட என்னை அழைக்கவில்லை. திரும்பி வந்ததும் எத்தனை விக்கெட் என்று மட்டும் கேட்டார்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. போகிற பையனின் ஒப்பந்தத்தை நீங்கள் ஒருமுறை படியுங்கள். விசா எந்த வகை, விமானச் செலவு யாருடையது, எங்கே தங்குவான், தசைநார் கிழிந்தால் மருத்துவத்துக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். முகவரை நம்பாமல், அந்தக் கிளப் செயலாளருக்கே நேரடியாக எழுதுங்கள். அவர்கள் பதில் எழுதுவார்கள். அவனுக்கு வேலை கொடுத்திருக்கும் நிறுவனம் அந்த மாதங்களை விடுப்பாகத் தர, நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள். மாதம் ஒருமுறை அழையுங்கள். திரும்பியதும் உங்கள் சிறுவர் அணியின் முன்னால் நிறுத்தி, அங்கே கற்றதைச் சொல்லவையுங்கள்.

அங்குள்ள கிளப்கள் அடுத்த கோடைக்கான ஆளைக் குளிர்காலத்திலேயே தேடத் தொடங்கிவிடும். முகவர்களும் அப்போதே பையன்களைத் தேடி வருவார்கள். அவர்களில் யாராவது ஒருவர் ஏற்கெனவே பேசிவிட்டுப் போன பையன், இன்று மாலை உங்கள் நெட்ஸில் பந்து வீசிக்கொண்டிருக்கக்கூடும். கூப்பிட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெட்ஸில் வளர்ந்த ஒரு சுழற்பந்து வீச்சாளன்