ஜூன் 14: அறிவியல் புனைகதைக் கைவினைக் கண்காட்சி

அனைவருக்கும் வணக்கம். ஜூன் 14, ஞாயிறு காலை 10 மணிக்கு நம் சமுதாயக் கூடத்தில் கண்காட்சி. அறிவியல் புனைகதைப் படங்களை ஒட்டி நாமே செய்த ஓவியம், அலங்காரப் பொருள் எதுவானாலும் சரி.

1. 'கலை அரசி' (1963) முதல் 'எந்திரன்' (2010) வரை எந்தப் படமும் ஆகலாம். மூன்றாம் மாடியில் பழைய இட்லித் தட்டுகள் இரண்டைக் கவிழ்த்து இணைத்துப் பறக்கும் தட்டு விளக்கு செய்திருக்கிறார்கள். துளைகள் வழியே ஒளி கசிகிறது, அழகு! (பாட்டியிடம் கேட்டுத்தான் எடுத்தார்களாம்.)
2. கடையில் வாங்கியது வேண்டாம்.
3. அட்டை, தெர்மாகோலுக்குள் எல்.இ.டி. விளக்கு மட்டும்.
4. சுவரில் ஆணி அடிக்காதீர்கள்.
5. வெள்ளி இரவுக்குள் வீட்டு எண், பொருளின் நீள அகலம் இங்கே எழுதுங்கள். மேசைகள் ஒன்பதுதான்.

இந்தப் பதிவுக்குக் கட்டைவிரல் குறி (👍) மட்டும் போட்டால் கணக்கில் வராது.