கோழிக் குலுக்கலைச் சூதாட்டத்தோடு சேர்க்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆஸ்திரேலியக் கிளப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தக் கிளப்புகளில் காசு போட்டு ஆடும் போக்கி என்ற சூதாட்ட இயந்திரங்கள் குடும்பங்களைக் குலைக்கின்றன என்று கட்டுரையாளர் எழுதியதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஊர்ப் பொதுக் காரியங்களுக்குப் பணம் திரட்டச் சீட்டு விற்று நடத்தும் கோழிக் குலுக்கலையும், இறைச்சித் தட்டுக் குலுக்கலையும் ‘சின்னச் சூதாட்டம்’ என்று அதே வரிசையில் நிறுத்தியது மனதை வருத்தியது.

இங்கே குடியேறிய நாள்முதல் இவற்றைப் பார்த்து வருகிறேன். உள்ளூர்க் கசாப்புக் கடையில் வாங்கிய ஆட்டுக்கறித் துண்டுகள், சாசேஜ், மாட்டிறைச்சி எல்லாவற்றையும் தட்டில் பரப்பி, பிளாஸ்டிக் தாள் சுற்றி மேசைமேல் வைத்திருப்பார்கள். சில இடங்களில் ஐஸில் உறைந்த முழுக் கோழி மட்டும் இருக்கும். பிள்ளைகளின் கால்பந்துக் குழுவுக்காக அம்மாக்களோ, கடற்கரை உயிர்காப்புச் சங்கத்து இளைஞர்களோ, தன்னார்வத் தீயணைப்புப் படையினரோ சீட்டுப் புத்தகத்தோடு மேசை மேசையாக வருவார்கள். சீட்டு ஓரிரு டாலர்தான். கொஞ்ச நேரத்தில் மைக்கில் எண்ணைப் படிப்பார்கள். சீட்டு விழுந்தவர் தட்டோடு வீட்டுக்குப் போவார். கிறிஸ்துமஸ் நெருங்கினால் பன்றித் தொடையும் இறாலும் பரிசாகும். “கோழிக் குலுக்கல் நடத்தக்கூடத் துப்பில்லாதவர்” என்றுதான் இங்கே அரசியல்வாதிகளைத் திட்டுவார்கள். அந்த அளவுக்கு இது ஊர் வாழ்க்கையில் ஊறியது.

லாட்டரி செய்த கேட்டை நான் அறியாதவள் அல்ல. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று 1968இல் தமிழக அரசே பரிசுச் சீட்டைத் தொடங்கியது. பிறகு தனியார் சீட்டும், ஒரு நம்பர் லாட்டரியும், சுரண்டல் லாட்டரியும் வந்தன. அன்றைய கூலியை அப்படியே சீட்டுக் கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய ஆண்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். 2003இல் தடை வந்தபோது நிம்மதியடைந்த பெண்களில் நானும் ஒருத்தி. அந்த ஆண்களை அழித்தது லட்சம் விழும் என்ற நினைப்பு. கோழி அந்த நினைப்பைத் தராது. எத்தனை சீட்டு வாங்கினாலும் கிடைக்கப்போவது ஞாயிற்றுக்கிழமைச் சமையல்தான். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று யாரும் கோழிக்காக விடிய விடிய உட்கார்ந்திருப்பதில்லை. விழாத சீட்டின் பணம் தீயணைப்பு நிலையத்துக்கோ பிள்ளைகளின் பனியனுக்கோ போவதை ஊரே கண்ணால் பார்க்கிறது. பெரும்பாலும் தன்னார்வலர்களை நம்பியே இயங்கும் நியூ சவுத் வேல்ஸ் கிராமப்புறத் தீயணைப்புச் சேவை 2019–20 காட்டுத்தீயில் எப்படி உழைத்தது என்பதை நாங்கள் நேரில் கண்டோம்.

ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மாநிலத்தில் 1956 முதல் கிளப்புகளில் போக்கி இயந்திரங்களுக்கு அனுமதி உண்டு. தட்டு வாங்க வந்தவர் அடுத்த அறைக்கும் போய்விடலாம். குலுக்கலைக் காட்டிக் கூட்டத்தை உள்ளே இழுக்கும் கிளப்பை நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரக் காசினோவைத் தவிர வேறெங்கும் அந்த இயந்திரங்கள் கிடையாது. அங்கேயும் இறைச்சிக் குலுக்கல் நடக்கத்தான் செய்கிறது. ஆக, இரண்டையும் பிரிக்க முடியும். பள்ளிக்கூட மண்டபத்திலும் விளையாட்டுத் திடலிலும் நடத்தலாமே.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாக் குலுக்கலுக்குத் தங்கக் காசும் பெரிய டிவியும் வைக்கிறோம். அதனால் பரிசு என்ன விலை என்ற பேச்சுதான் ஓங்குகிறதே தவிர, பணம் யாருக்குப் போகிறது என்று கேட்பாரில்லை. அரிசி மூட்டை, பருப்பு, வெல்லம், நல்லெண்ணெய், ஒரு கூடைக் காய்கறி என்று வையுங்கள். சைவர்கள் கூசவேண்டிய அவசியமும் இருக்காது; இங்குள்ள கிளப்புகள் சிலவற்றிலேயே பழம், காய்கறித் தட்டுகளும் குலுக்கலுக்கு வைக்கிறார்கள். சேர்ந்த தொகையை அன்றைக்கே மேடையில் அறிவித்து உள்ளூர்த் தீயணைப்புப் படைக்கோ உணவு வங்கிக்கோ கொடுங்கள். குலுக்கல் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், சீட்டு அச்சடிக்கும் முன்பே பொருளாளர்கள் அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நியூகாசில், நியூ சவுத் வேல்ஸ்