சுமைகூலிக் கணக்கு

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டிலும் அவ்வாறே என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து ஏழு வாரங்கள் ஆகியும் பதில் எழுதாதது என் தவறு, பொறுத்துக்கொள். உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரு செய்திக்கு எப்படிப் பதில் எழுதினால் உன் மனம் நோகாது என்று யோசித்தே நாட்களைக் கடத்திவிட்டேன்.

சனிக்கிழமைதோறும் உன் இரு சக்கர வண்டியில் 40 கிலோமீட்டர் போய், மொத்த விற்பனைக் கடையில் வீட்டுச் சாமான்களை வாங்கத் தொடங்கிவிட்டதாகவும், இடைக்கடைக்காரருக்குப் போய்க்கொண்டிருந்த லாபம் இனி வீட்டிலேயே தங்கும் என்றும் எழுதியிருந்தாய். படித்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே, போகிற போக்கில் எழுதியதுபோல, அந்த நேரத்தில் நடத்திவந்த டியூஷனை நிறுத்திவிட்டதாக ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் நான்கைந்து முறை படித்தேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் கணக்கு வாத்தியார் கரும்பலகையைத் தட்டிச் சொல்வாரே, அந்தக் குரல் காதில் கேட்டது. நம் தோழன் ‘மூன்றரை ஆணி’யிடம் சொன்னபோது அவனும் சிரிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாய். சென்ற ஆண்டு முழுவதும் நான் இதையேதான் செய்தேன். எங்கே தள்ளுபடி என்று விளம்பரம் வந்தாலும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பணத்தில் எழுதினால் விலை ஏறி இறங்கும்போது குழப்பம் வரும் என்பதால் எல்லாவற்றையும் லிட்டரில் எழுதினேன். மிச்சமான தொகைக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் வாங்கலாம் என்பது ஒரு கட்டம், போய்வர எத்தனை லிட்டர் எரிந்தது என்பது அடுத்த கட்டம். இரண்டும் ஒரே அலகில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

பேத்திக்குப் படிப்பு மேசை வாங்கிய பக்கத்தை மட்டும் உனக்கு எடுத்து எழுதுகிறேன். கடை 58 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. தள்ளுபடியில் மிச்சமானது 11 லிட்டர். என் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும். போகவர 116 கிலோமீட்டருக்கு 8.3 லிட்டர். எப்படியும் 2.7 லிட்டர் லாபம் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்து அட்டைப் பெட்டியைப் பிரித்தேன். கால்கள் நான்கும் இருந்தன, பலகை இருந்தது, சின்ன பிளாஸ்டிக் பையில் எட்டு போல்ட்டுகளுக்குப் பதிலாக ஆறுதான் இருந்தன. தொலைபேசியில் கேட்டதற்கு, ரசீதுடன் நேரில் வந்தால் தருகிறோம் என்றார்கள். மறுபடியும் 116 கிலோமீட்டர், மறுபடியும் 8.3 லிட்டர். ஆக, இரண்டு போல்ட்டுகளுடன் திரும்பி வந்தபோது நான் 5.6 லிட்டர் நஷ்டத்தில் இருந்தேன். பக்கத்துத் தெருக் கடையில் வாங்கியிருந்தால் விலை கூடியிருக்கும். ஆனால் போல்ட் குறைந்த மறுநிமிடமே பேத்தி ஓடிப்போய் வாங்கி வந்திருப்பாள். அருகில் இருக்கும் கடையின் விலையில் இந்த வசதியும் அடங்கியிருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அன்றைக்கு நடந்த இன்னொன்றும் உண்டு. இரண்டாம் முறை நான் போயிருந்த நேரத்தில் அக்கா என்னைப் பார்க்க வந்திருக்கிறார். இரண்டரை மணி நேரம் திண்ணையில் காத்திருந்துவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டுமே என்று பஸ் பிடித்துப் போய்விட்டார். அதையும் நோட்டில் எழுதினேன். லிட்டர் என்ற கட்டத்தில் மட்டும் எதையும் எழுத முடியாமல் காலியாக விட்டிருக்கிறேன். அவருடைய முழங்கால் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் இன்னும் இங்கு வரவில்லை.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். வண்டிக்கு என்ன பெரிய செலவு என்று நீ கேட்டிருந்தாய். அந்த அளவில் நீ சொல்வது சரிதான். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 80 கிலோமீட்டர் என்பது 1.6 லிட்டர்தான். டயர் தேய்வது, ஆயில் மாற்றுவது, பிரேக் கட்டை தேய்வது ஆகியவை கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் கூடுகிற செலவுகள், ஆகையால் அவற்றை இதோடு சேர்க்க வேண்டும். காப்பீட்டையும் சாலை வரியையும் சேர்க்காதே. வண்டி கொட்டகையிலேயே நின்றாலும் அவற்றைக் கட்டத்தான் போகிறாய். இவ்வளவும் போட்டுப் பார்த்தாலும் உன் பக்கம் லாபம் மிஞ்சலாம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி, கடையில் ஒன்றரை மணி என்று நான்கு மணி நேரம் போகிறதே, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் 1965-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பொருளுக்காக நாம் கொடுக்கும் உண்மையான விலை என்பது கடையில் கொடுக்கும் பணமும் அதற்காகச் செலவிடும் நேரத்தின் மதிப்பும் சேர்ந்ததுதான் என்று அதில் வாதிட்டார். நேரத்துக்கு என்ன மதிப்புப் போடுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். வெறுமனே உட்கார்ந்திருக்கிற நேரம் என்றால் மதிப்பைக் குறைத்துப் போடலாம். உனக்கு அந்தத் தடுமாற்றத்துக்கே இடமில்லை. அந்த நான்கு மணி நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு விலை ஏற்கெனவே இருந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் மாதம் பிறந்ததும் கொண்டுவந்து கொடுத்த தொகை அது. அதை விட்டுவிட்டுச் சாமானில் மிச்சம் பிடிக்கிறாய். அந்தத் தொகையைச் செலவுக் கட்டத்தில் எழுதிவிட்டு மறுபடியும் கூட்டிப் பார். நான் கூட்டிப் பார்த்தேன், அதனால்தான் ஏழு வாரம் கடிதம் எழுதவில்லை.

இதில் நம்மை ஏமாற்றுவது சதவீதம்தான். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1981-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கடையில் கால்குலேட்டர் வாங்க நிற்கும் ஒருவரிடம், 20 நிமிடம் காரில் போனால் இன்னொரு கிளையில் அதுவே 5 டாலர் குறைவாகக் கிடைக்கும் என்று விற்பனையாளர் சொல்வதாக வைத்துக் கேட்டார்கள். கால்குலேட்டரின் விலை 15 டாலர் என்றபோது 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். 125 டாலர் என்றபோது 29 சதவீதம் பேர்தான் போவோம் என்றார்கள். போகும் தூரம் அதே 20 நிமிடம், மிச்சம் அதே 5 டாலர். இதைப் படித்தபோது எனக்கு உன் நினைவு வந்தது, கோபித்துக்கொள்ளாதே. சைக்கிள் பூட்டு ஒன்றுக்காக என்னை நான்கு கடை ஏறி இறங்க வைத்த நீ, குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது முதல் கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தாய். அந்தப் பூட்டில் மிச்சமானதைப் போல எத்தனை மடங்கு அங்கே விட்டிருப்பாய் என்று உன் வீட்டம்மாவைக் கேள், சொல்வார்.

கடை கடையாக ஏறுவதிலும் ஓர் அளவு உண்டு. விலை தேடுவதற்கும் செலவு உண்டு, அது தேடலால் வரும் ஆதாயத்தை எட்டும்போது நின்றுவிட வேண்டும் என்பதை ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர் 1961-இல் விளக்கினார். கடைகளின் விலைகள் ஓர் எல்லைக்கும் இன்னோர் எல்லைக்கும் நடுவே சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொள். ஒரே கடையில் விசாரித்தால் சராசரியாக நடுவில் உள்ள விலை கிடைக்கும். இரண்டு கடைகளில் விசாரித்தால், கிடைக்கும் குறைந்த விலை சராசரியாகக் கீழ் எல்லையிலிருந்து இடைவெளியின் மூன்றில் ஒரு பங்கு மேலே இருக்கும்; மூன்று கடைகள் என்றால் நான்கில் ஒரு பங்கு, நான்கு கடைகள் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது இரண்டாம் கடை மொத்த இடைவெளியில் ஆறில் ஒரு பங்கைக் குறைத்துத் தருகிறது, மூன்றாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, நான்காவது வெறும் இருபதில் ஒரு பங்கு. நான்காம் கடைக்குப் போகும் கால்வலி மட்டும் இரண்டாம் கடைக்குப் போன அதே கால்வலிதான்.

உன் மைத்துனர் 2 சதவீதம் மலிவு என்று தொலைவில் உள்ள பெட்ரோல் பங்க்குக்குப் போகிறார் என்று எழுதியிருந்தாயே, அவரிடம் இதைச் சொல். 30 லிட்டர் நிரப்பினால் மிச்சம் 0.6 லிட்டர். அவருடைய கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் அது 9 கிலோமீட்டருக்குக் காணும். பங்க் நாலரை கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், அதற்காகவே கிளம்பிப் போகிறவருக்கு நஷ்டம்தான். பாதி டேங்க் நிரப்புகிறவருக்கு அந்த எல்லையும் பாதியாகிவிடும். விலை என்ன என்றே தெரியாமல் போடக்கூடிய கணக்கு இது. அலுவலகம் போகும் வழியில் அந்த பங்க் இருக்கிறது என்றால் தாராளமாகப் போகட்டும். திரும்பிச் சுற்றும் தூரத்தை மட்டும் எண்ணினால் போதும்.

எனக்கு இதையெல்லாம்விட அச்சம் தருவது ‘வந்ததே வந்தோம்’ என்ற சொல். என் நோட்டில் அதிக நஷ்டம் காட்டிய பக்கங்கள் எல்லாம் அந்தச் சொல்லால் வந்தவைதான். பயணச் செலவு ஒரு பொருள் வாங்கினாலும் பத்து வாங்கினாலும் ஒன்றே என்பதால், நிறைய வாங்கினால் செலவு பரவிவிடும் என்று மனம் சொல்கிறது. தேவையானது நிறைய இருந்தால் அது உண்மை. தேவையில்லாததை வாங்கினால் பயணச் செலவோடு அந்தப் பொருளின் விலையும் சேர்ந்து போகிறது. இன்னும் என் அலமாரியில் பிரிக்காத பெட்டிகள் மூன்று இருக்கின்றன. வீட்டில் கொண்டுவந்து தருகிறவர்களும், இவ்வளவுக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று இதே இடத்தில்தான் நம்மைப் பிடிக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். பின் இருக்கையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு இருட்டிய பிறகு 40 கிலோமீட்டர் திரும்பி வருகிறாய் என்று எழுதியிருந்தாய். பாரம் பின்னால் இழுக்கும்போது முன் சக்கரத்தின் பிடிமானம் குறையும், பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்க அதிகத் தூரம் ஆகும். உன் முதுகைப் பற்றி மருத்துவர் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. இதற்கு நான் எந்த அலகிலும் கணக்குப் போட மாட்டேன். நீ இப்படிப் போவதை நிறுத்த வேண்டும்.

மொத்தக் கடைக்கே போகாதே என்று சொல்லவில்லை. அங்கு விலை குறைவு என்பது உண்மை, உன் வீட்டுக்கு இப்போது அந்த மிச்சம் தேவை என்பதும் எனக்குத் தெரியும். கெட்டுப்போகாத சாமான்களை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, நான்கு வீட்டார் சேர்ந்து, பகலில், ஒரே காரில் போய் வாங்கலாம். 80 கிலோமீட்டருக்கு என் கார் 5.7 லிட்டர் குடிக்கும். நான்காகப் பிரித்தால் வீட்டுக்கு 1.4 லிட்டர். உன் வண்டியில் தனியாகப் போவதைவிட அது குறைவு. உன் வண்டியிலோ இரண்டு மாதத்தில் எட்டு முறை போகிறாய் என்பதை மறவாதே; அது 12.8 லிட்டரும் 32 மணி நேரமும் ஆகிறது.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு உன் வீட்டு வாசலில் இருப்பேன். அதற்கு முந்தைய நாள் அக்காவைப் பார்க்க உங்கள் பக்கம் எப்படியும் வருகிறேன், ஆகையால் என் பயணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதே. ‘மூன்றரை ஆணி’க்கும் உன் மைத்துனருக்கும் சொல்லி வை. ஆளுக்கொரு பட்டியல் எழுதிக்கொண்டு வர வேண்டும். பட்டியலில் இல்லாததை யாரும் வாங்கக் கூடாது. டியூஷன் பிள்ளைகளுக்கு, வரும் சனிக்கிழமை வழக்கம்போல வகுப்பு உண்டு என்று இந்தக் கடிதம் கிடைத்த அன்றே சொல்லி அனுப்பு.

அன்புடன்,
உன் கடைசிப் பெஞ்சுத் தோழன்