அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள முள்ளியவளை, தண்ணீரூற்று உறவுகளுக்கு,

பாரிசவாதம் வந்து விழுங்க முடியாமல் கிடந்த எங்கள் அப்பா, மூக்குக்குழாய் எடுத்து இப்போது வாயால் சாப்பிடுகிறார். அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பேச்சுச் சிகிச்சை மிஸ்ஸுக்கு. பேச்சு மட்டுமல்ல, விழுங்கப் பழக்குவதும் இவர்களின் வேலை என்பது எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. வெறும் தண்ணீர்தான் அப்பாவுக்கு ஆபத்து என்று அவர் சொன்னபோது வீட்டில் ஒருவருக்கும் மனம் கேட்கவில்லை. தண்ணீர் வேகமாக ஓடும், மூச்சுக்குழாய் மூடமுன்னம் அதற்குள் இறங்கிவிடும், சிலருக்குப் புரைக்கேறாமலே இறங்கும், பிறகு நியூமோனியாவில் கொண்டுபோய் விடும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். அதனால் அப்பா குடிப்பது எதுவும் தடிப்பாக இருக்கவேண்டும் என்றார். கஞ்சியை 10 மில்லிலீற்றர் சிரிஞ்சில் விட்டு, 10 செக்கன் ஒழுகவிட்டபின் 4 முதல் 8 மில்லிலீற்றர் வரை மிஞ்சினால் அப்பாவுக்கு அந்தத் தடிப்புச் சரி என்று, அம்மாவின் கையாலேயே செய்து பார்க்க வைத்தார்.

விடுதித் தாதிமாருக்கும் நன்றி. நிமிர்த்தி இருத்தித்தான் உணவு. சாப்பிட்டு 30 நிமிடம் படுக்க விடமாட்டார்கள். வாயைத் துப்புரவாக்காமல் ஒருநாளும் விட்டதில்லை. வாயில் இருக்கும் கிருமிதான் நெஞ்சுக்குள் இறங்குமாம்.

இனி உங்களுக்கு. வருத்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு போவது எங்கள் ஊர் வழக்கமில்லை. இளநீரும் சோடாவும் கொண்டுவந்தீர்கள். ஆனால் அம்மா சொன்னதும் ஒருவர்கூடக் கோபிக்காமல் விறாந்தையிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தீர்கள். "ஒரு மிடறு தாடா" என்று அப்பா கெஞ்சியபோது சித்தப்பா முற்றத்துக்குப் போய் நின்று அழுதார். கொடுக்கவில்லை. அந்த உறுதியை நாங்கள் சாகும்வரை மறக்கமாட்டோம்.

பக்கத்து வீட்டு மாமி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? அப்பா ஒடியல் கூழ் கேட்டார். கூழில் மீனும் பயற்றங்காயும் துண்டு துண்டாகக் கிடக்கும், தண்ணீரும் துண்டும் கலந்த சாப்பாடுதான் விழுங்கக் கஷ்டம். நீங்கள் முள் எடுத்து, எல்லாவற்றையும் அரைத்து, வடித்து, மிஸ்ஸிடம் காட்டிச் சம்மதம் வாங்கியபிறகுதான் கொடுத்தீர்கள். அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

கிளினிக் நாட்களில் காத்திருந்து ஏற்றி இறக்கிய ஓட்டோத் தம்பிக்கும் எங்கள் அன்பு.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு வரும் உறவுகள் கட்டாயம் வீட்டுக்கும் வாருங்கள். அப்பா இன்னமும் தடிப்பாக்கிய தேத்தண்ணீர்தான் குடிக்கிறார். பிரசாதம் என்றாலும் அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மூத்த மகள், முள்ளியவளை