வன்னி இளையோரின் கடன்: சொல்ல ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். வன்னியில் கடன் என்றால் நுண்கடன் நிறுவனங்களிடம் சிக்கிய பெண்களின் நிலைதான் எவருக்கும் முதலில் நினைவுக்கு வரும். போர் முடிந்து, மெனிக் பாம் முகாமிலிருந்து வெறுங்கையுடன் ஊர் திரும்பிய குடும்பங்களின் படலை வரைக்கும் கடன் தேடி வந்தது. கணவரை இழந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பிணை நின்று, கிழமைதோறும் கட்டுக்காசு கட்டினார்கள். அதனால் நேர்ந்த அவலங்களைப் பத்திரிகைகள் எழுதின, அரசும் ஓரளவு செவிசாய்த்தது. அந்தப் பெண்களின் பிள்ளைகள் இப்போது இருபதுகளிலும் முப்பதின் தொடக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களும் கடனில் இருக்கிறார்கள் என்பதையும், தாய்மார் பட்ட கடனுக்கு இருந்த கூட்டமோ குரலோ இவர்களுக்கு இல்லை என்பதையும் எடுத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கூட்டுறவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பின்னரும், கடன் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டி, "ஐயா, இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று கேட்கும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் பிந்தியே வருகிறார்கள். மூன்றாவது தவணை தவறியபோது வந்திருந்தால் ஒரு கடிதத்தில் தீர்ந்திருக்கக்கூடிய விடயம், வழக்கறிவித்தல் வந்த பின்னர் வருகையில் ஒரு குடும்பத்தின் விடயமாகிவிடுகிறது.

இவர்களுடைய கடன் ஒரே வகையானதன்று. ஆடைத் தொழிற்சாலைக்கோ கட்டட வேலைக்கோ போய்வர லீசிங் எனும் வாகனக் குத்தகைக் கடனில் எடுத்த மோட்டார் சைக்கிள், உழைப்புக்கென்று எடுத்த ஆட்டோ, தவணைக்கு வாங்கிய கைத்தொலைபேசி, வெளிநாட்டு முகவருக்கு முற்பணமாகக் கொடுத்துத் திரும்பி வராத காசு, தங்கையின் திருமணத்துக்கு மாதவட்டிக்கு வாங்கியது எனப் பலவாறாக இருக்கிறது. எல்லாவற்றிலும் என்னை வருத்துவது, கிரிப் எனப்படும் கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவில் தாயின் பெயர் கடன் தவறியவராக விழுந்துவிட்டதால் அவருடைய பழைய கடனை அடைப்பதற்காகவே பத்தொன்பது, இருபது வயது மகனின் பெயரில் புதிய கடன் எடுக்கப்படுவதாகும். அந்தப் பிள்ளை தன் முதற் சம்பளத்தைக் காணும் முன்னரே கடனாளியாகிவிடுகிறான்.

இளையோர் ஆடம்பரத்துக்குக் கடன் வாங்கிச் சீரழிகிறார்கள் என்று பலர் எளிதாகத் தீர்ப்புக் கூறுகிறார்கள். விலையுயர்ந்த தொலைபேசிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஆசைப்பட்டவர்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் முல்லைத்தீவிலோ துணுக்காயிலோ உள்ளூர்ப் பேருந்து எத்தனை மணிக்கு ஒன்று வருகிறது என்பதை அறிந்தவர்கள், மோட்டார் சைக்கிளை ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள். வேலைக்குப் போவதற்கே கடன்பட வேண்டிய ஊர் இது.

இதற்கு இந்த மண்ணுக்கே உரிய காரணங்களும் உண்டு. வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பகுதி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்துக்கு வழங்கப்பட்டவை. பெர்மிட் காணியை நம்பி வங்கி கடன் கொடுப்பது அரிது. ஆகவே, இரணைமடுக் குளத்தின் கீழோ முத்தையன்கட்டுக் குளத்தின் கீழோ வயல் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கும் வங்கியின் குறைந்த வட்டிக் கடன் எட்டாமற் போகிறது. அடைவு வைக்க நகை இருந்த வீடுகளில் அந்த நகை இறுதிப் போரோடு போயிற்று. வருமானமோ காலபோக அறுவடையையும் நாட்கூலியையும் நம்பியது. ஆனால் தவணை மட்டும் மாதந்தவறாமல் வருகிறது. 2018 டிசெம்பரில் வெள்ளம் வந்தது. 2021 இல் இரசாயன உரம் நிறுத்தப்பட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாக உயர்ந்தது; அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த ஆண்டுகளில் வயது வந்து முதற் கடனை எடுத்த ஒருவர் இன்னும் அதிலிருந்து மீளாதிருப்பதற்கு அவருடைய ஒழுக்கத்தைக் காரணம் சொல்வது அநியாயம்.

கையெழுத்திடும்போது எவரும் இவர்களுக்கு விளக்கிச் சொல்லாத கணக்கு ஒன்றையும் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். ஒரு இலட்சம் ரூபாயை "மாதம் இரண்டு வீதம்தான் வட்டி" என்று பன்னிரண்டு மாதத் தவணைக்குத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 24,000 ரூபாய், மாதத் தவணை ஏறத்தாழ 10,334 ரூபாய். கேட்பவருக்கு இது ஆண்டுக்கு 24 வீதமாகவே தோன்றும். ஆனால் ஒவ்வொரு மாதமும் கடன்பட்ட முதற்தொகையில் ஒரு பகுதி திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட, வட்டியோ கடைசி மாதம் வரை முழு இலட்சத்துக்கும் கணக்கிடப்படுகிறது. கையில் உண்மையாக எஞ்சியிருக்கும் தொகைக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் அந்த வட்டி ஆண்டுக்கு 41 வீதத்தைத் தாண்டும். ஆவணச் செலவு, காப்புறுதி என்று முன்கூட்டியே கழிக்கப்படுவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். இந்தக் கணக்கை உயர்தர வகுப்பு மாணவர் எவரும் விளங்கிக்கொள்வார், ஆயினும் எந்த வகுப்பிலும் அவருக்கு இது சொல்லிக்கொடுக்கப்படுவதாக நான் அறியவில்லை.

இணையவழிக் கடன் இதனினும் கொடியது. தொலைபேசியில் ஒரு செயலியைத் தரவிறக்கி, அடையாள அட்டையின் படத்தை அனுப்பினால் சில நிமிடங்களில் வங்கிக் கணக்குக்குக் காசு வந்துவிடுகிறது. பத்தாயிரம் ரூபாய்க் கடனில் சேவைக் கட்டணமென்று 2,500 ரூபாயைக் கழித்துவிட்டு, இரண்டு கிழமையில் முழுப் பத்தாயிரத்தையும் கேட்டால், அது பதினான்கு நாட்களுக்கு 33 வீத வட்டியாகும். காலம் தவறினால் தொலைபேசியில் இருக்கும் இலக்கங்களுக்கெல்லாம் அழைப்புப் போகிறது. பெரியப்பாவுக்கும், வேலைத்தலத்து மேற்பார்வையாளருக்கும், நிச்சயிக்கப்பட்ட பெண் வீட்டாருக்கும்கூட "இவர் எங்களுக்குக் காசு தரவேண்டும்" என்று சொல்லப்படுகிறது. அந்த அழைப்பை நிறுத்துவதற்காக இன்னொரு செயலியில் கடன் எடுக்கிறார்கள். ஒரு கடனை அடைக்க மறு கடன் என்று தொடங்கிவிட்டால், அது கால் வைத்த சேற்றிலிருந்து மறு காலை ஊன்றி எழ முயல்வது போன்றது.

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம், பொதுமக்களிடம் வைப்புப் பெறும் நுண்நிதிக் கம்பனிகளையே மத்திய வங்கியின் உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தது. வைப்புப் பெறாமல் சொந்தக் காசை வட்டிக்குக் கொடுக்கும் நிறுவனங்கள் அதன் பிடிக்கு வெளியே நின்றன. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட பன்னிரண்டு மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடனைச் செலுத்த முடியாதிருந்த பெண்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. வன்னி மாவட்டங்களும் அவற்றுள் அடங்கின. அதே ஆண்டில் உரிமம் பெற்ற நுண்நிதிக் கம்பனிகளின் வட்டிக்கு 35 வீதம் என்ற உச்ச எல்லையும் வைக்கப்பட்டது. இவை நல்ல நடவடிக்கைகளே. ஆனால் ஆண்பிள்ளையின் லீசிங் கடனுக்கும், செயலிக் கடனுக்கும், ஊர் வட்டிக்காரரின் வெற்றுக் காசோலைக்கும் அவற்றால் பயன் விளையவில்லை. கடனிலிருந்து சட்டப்படி மீண்டெழுவதற்கு வேறு நாடுகளில் இருப்பது போன்ற இலகுவான நடைமுறையும் இங்கே இல்லை. தனியாளின் வங்குரோத்து நிலை தொடர்பாக நம்மிடம் உள்ள கட்டளைச் சட்டம் 1853 ஆம் ஆண்டுக்குரியது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். இந்தப் பிள்ளைகள் உதவி கேட்பதில்லை. கேட்டால் மானம் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள், அந்த அச்சத்தை வளர்த்தவர்கள் நாங்களே. கடன்பட்டவன் என்று தெரிந்தவுடன் வீட்டில் ஏச்சு விழுகிறது, கோயில் திருவிழாவில் பேச்சு எழுகிறது, பேசிவந்த சம்பந்தம் நின்றுவிடுகிறது. ஆகவே பிள்ளை முதலில் தொலைபேசி இலக்கத்தை மாற்றுகிறான், பிறகு வேலைக்குப் போகாமல் விடுகிறான், அதன் பிறகு ஊரை விட்டே போய்விடுகிறான். அவனுக்குப் பிணை நின்ற நண்பன், பெரும்பாலும் அண்மையில் அரச நியமனம் பெற்ற இன்னோர் இளைஞன், தன் சம்பளத்திலிருந்து அந்தக் கடனைக் கட்டுகிறான். பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமானது. கடன் அறவிட வருபவர் எந்த நேரத்தில் வருகிறார், எந்த விதமாகப் பேசுகிறார் என்பதை அவர்கள் தாயிடம்கூடச் சொல்வதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போய், தெய்வாதீனமாகத் திரும்பியவர்களோடு நான் பேசியிருக்கிறேன். அவர்கள் பட்டிருந்த கடன், அந்தக் குடும்பத்தார் ஒன்றாக இருந்து பேசியிருந்தால் இரண்டு போகத்தில் கட்டி முடிக்கக்கூடிய தொகையாகவே இருந்தது.

பெற்றோருக்கும் பெரியோருக்கும் நான் கைகூப்பிக் கேட்பது ஒன்றுண்டு. பிள்ளை வந்து கடன் இருக்கிறது என்று சொல்லும் நாளில் ஏசாதீர்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன பத்திரத்தில் கையெழுத்து என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். முழுத் தொகையையும் அந்த முதற் பேச்சிலேயே சொல்லிவிடும் துணிவு அவனுக்கு இராது, பாதியை மறைத்தே சொல்வான். நீங்கள் பொறுமையாக இருந்தால் மறு பாதியும் வெளிவரும்.

கடன்பட்ட இளையோருக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். தவணை கட்ட முடியாது என்று தெரிந்த மாதத்திலேயே கிளை முகாமையாளருக்கு எழுத்தில் அறிவித்து, தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி கேளுங்கள். அந்தக் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை பெற்று வைத்திருங்கள். இதுவரை கட்டியதற்கும் எஞ்சியதற்கும் கணக்குக்கூற்றுக் கேளுங்கள். வங்கிகளும் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளும் 2023 இல் மத்திய வங்கி வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளுக்குக் கட்டுப்பட்டவை. கடனின் நிபந்தனைகளை விளங்கும்படி தெரிவிக்கவும், அறவிடுகையில் துன்புறுத்தாதிருக்கவும் அவை கடமைப்பட்டுள்ளன. அதை மீறினால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே பெறலாம். கிரிப்பில் பெயர் இருப்பது ஆயுட்காலத் தண்டனையன்று, கடன் கட்டி முடிக்கப்பட்டதும் அதே அறிக்கையில் பதியப்படும். தனியாரிடம் வாங்கிய காசென்றால் இணக்கசபைக்குச் செல்லலாம், அங்கே சட்டத்தரணி தேவையில்லை. அளவுக்கு மீறிய வட்டி என்றால், 1918 ஆம் ஆண்டின் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்தக் கொடுக்கல்வாங்கலை மீளத் திறந்து பார்க்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு; வழக்குப் பேச வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மனம் தாங்கவில்லை என்றால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். இவற்றில் எதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இத்தனை வழிகளும் வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு திணைக்களங்களின் கீழ் இருக்கின்றன. மாங்குளத்திலோ முழங்காவிலிலோ இருக்கும் நாட்கூலித் தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு வாசலுக்கும் போவதற்கு ஒவ்வொரு நாட் சம்பளத்தை இழக்க வேண்டும். ஆகவே வன்னியின் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கடன் ஆலோசனைக்கென்று ஒரு மேசை வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் புதிய கட்டடமோ பெரிய ஒதுக்கீடோ தேவையில்லை. பிரதேச செயலகத்தில் ஏற்கெனவே உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார், கூட்டுறவுத் திணைக்களத்தில் கணக்குத் தெரிந்த பரிசோதகர்கள் இருக்கிறார்கள், சட்ட உதவி ஆணைக்குழுவில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். இவர்கள் கிழமையில் ஒரு நாள் ஓரிடத்தில் இருந்தாற் போதும். அந்த நாள் வேலைக்குப் போவோருக்கும் வசதியான நாளாக இருக்க வேண்டும், பேசுவதற்குக் கதவுள்ள அறை வேண்டும். வரிசையில் நிற்பவரை ஊரார் பார்க்கும்படியான இடத்தில் வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள்.

கூட்டுறவை நான் மறந்துவிட முடியாது. 1911 இல் இந்த நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் வந்ததே, வட்டிக்காரரின் பிடியிலிருந்து கிராமத்தவரை விடுவிக்கத்தான். இன்று நமது சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களில் இளையோரைக் காண்பது அரிதாகிவிட்டது. பதினெட்டு வயதிலேயே அவர்களை அங்கத்தவராக்கி, சிறு சேமிப்புக்கு ஈடாக மோட்டார் சைக்கிளின் முதற் தவணைக்காவது நியாய வட்டியில் கடன் கொடுத்தால், செயலிக் கடனை நாடுவோரின் தொகை குறையும் என்று உறுதியாக நம்புகிறேன். சங்க நிர்வாகிகள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் வீதியும் குளமும் காணியும் பேசப்படுவது போல இந்த விடயமும் நிகழ்ச்சிநிரலில் இடம்பெற வேண்டுமென மாவட்டச் செயலாளர்களையும் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் மக்கள் பிரதிநிதிகளையும், கிளிநொச்சியின் பிரதிநிதிகளையும் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் பெயர் குறிப்பிடாமல் வாசகர் எழுதும் கடன் தொடர்பான கேள்விகளுக்குச் சட்டத்தரணி ஒருவர் பதிலளிக்கும் பகுதியொன்றை வாரந்தோறும் வெளியிட ஆவன செய்வீர்களாயின், செயலகத்து மேசை வரும் வரைக்கும் அதுவே இப்பிள்ளைகள் நாடிவரக்கூடிய இடமாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகர்,
கரைச்சி, கிளிநொச்சி.