பென்சில்வேனியாவுல எங்களைக் கூடவே இருந்து பாத்துக்கிட்ட எல்லாருக்கும் ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் அன்பான வணக்கம்.

மத சுதந்திரம், மத அமைப்புகள் செய்யுற சமூக சேவை, இந்த ரெண்டையும் பத்தி அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல நடந்த எக்ஸ்சேஞ்ச் புரோகிராம் முடிஞ்சு எல்லாரும் அவங்கவங்க நாட்டுக்குத் திரும்பிட்டோம். ஏர்போர்ட்ல கட்டிப்புடிச்சு தேங்க்ஸ் சொன்னதோட விட்டுட எனக்கு மனசு வரல. யார் யார் என்னென்ன செஞ்சாங்கன்னு நாலு பேருக்குத் தெரியணும்னுதான் பொதுவுல எழுதுறேன். பேர் போட வேணாம்னு உங்கள்ல பல பேர் கேட்டுக்கிட்டதால யார் பேரும் போடல, படிக்கும்போது உங்களுக்கே தெரியும் நான் யாரைச் சொல்றேன்னு.

முதல் நன்றி எங்க கூடவே வந்த ஒருங்கிணைப்பாளர் அக்காவுக்கு. எங்க குரூப்ல நைஜீரியால இருந்து ஒரு பாஸ்டர், இந்தோனேசியால இருந்து ஒரு இஸ்லாமியப் பள்ளி டீச்சர், லெபனான்ல அகதிகள் முகாம்ல வேலை பாக்குற தம்பி, கோயில் அன்னதானக் குழுல இருந்து வந்த நான், இன்னும் சில பேர். ஆளுக்கொரு வழிபாடு, ஆளுக்கொரு சாப்பாட்டுக் கட்டுப்பாடு. அக்கா குடுத்த அட்டவணையில வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் காலியா விட்டு, பக்கத்துல எந்தப் பள்ளிவாசல், நடந்து போக எவ்வளவு நேரம்னு சின்ன எழுத்துல எழுதியிருந்தாங்க, யாரும் கேக்கவே இல்ல. டீச்சர் அதைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசல. கேட்டு வாங்குற உரிமைக்கும் கேக்காமலே கிடைக்கிற மரியாதைக்கும் எவ்வளவு தூரம்னு எனக்கு அப்பதான் உறைச்சுது.

நாங்க தங்குன வீட்டுக்காரங்களும் அப்படித்தான். எனக்குன்னு தனிப் பாத்திரம் எடுத்து வச்சு, இதுல இதுவரைக்கும் கறி சமைச்சதில்லன்னு காட்டிட்டுத்தான் அடுப்புல வச்சாங்க. அந்த வீட்டு அய்யா ஒரு பழைய சம்பவம் சொன்னாரு. 1788 ஜூலை 4, புது அரசியல் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைச்சதைக் கொண்டாடி பிலடெல்பியாவுல பெரிய ஊர்வலம், அதுல யூத மதகுருவும் கிறிஸ்தவ மதகுருக்களும் கைகோத்து நடந்தாங்களாம், விருந்துல யூதர்களுக்குன்னு அவங்க முறைப்படி தனி மேசை போட்டிருந்தாங்களாம். அதே வருஷம் அங்க இருக்குற மிக்வே இஸ்ரேல்ங்கிற யூத ஜெபக்கூடம் கடன்ல மாட்டினப்ப பணம் குடுத்து உதவுன மத்த மதத்துக்காரங்கள்ல பெஞ்சமின் பிராங்க்ளினும் ஒருத்தர். அந்த மேசையோட வழக்கம் உங்க வீட்டு சமையக்கட்டுல இன்னும் இருக்குங்கய்யா, உங்களுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

தேசிய அரசியல் சட்ட மையத்துல எங்களைச் சுத்திக்காட்டுன ரிட்டயர்டு வாத்தியாருக்கு அடுத்த நன்றி. அமெரிக்க அரசியல் சட்டத்தோட முதல் திருத்தம் 1791ல வந்தது, இங்கிலீஷ்ல மொத்தமே 45 வார்த்தை, அதுல முதல்ல வர்றதே மதம்தான், அரசு எந்த மதத்தையும் நிறுவக்கூடாது, எந்த மதத்தையும் தடுக்கவும் கூடாது. இதைச் சொல்லிட்டு எங்க நாடு எவ்வளவு உசத்தி பாருங்கன்னு அவர் முடிச்சிருக்கலாம், நாங்களும் தலையாட்டிட்டுப் போயிருப்போம். அவர் அப்படிச் செய்யல. அதே பென்சில்வேனியாவுல மைனர்ஸ்வில்னு ஒரு ஊர், யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைங்க ரெண்டு பேர், கொடிக்கு சல்யூட் வைக்கிறது எங்க நம்பிக்கைக்கு ஒத்துவராதுன்னு சொன்னதுக்காக 1935ல ஸ்கூலை விட்டு அனுப்பிட்டாங்க, 1940ல உச்ச நீதிமன்றமும் அனுப்புனது சரின்னு எட்டுக்கு ஒண்ணுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு, அதுக்கப்புறம் நாடு முழுக்க அந்த மதத்துக்காரங்க மேல தாக்குதல் நடந்துச்சு, மூணே வருஷத்துல, 1943ல, பார்னெட் வழக்குல அதே கோர்ட் தன் தீர்ப்பைத் தானே மாத்திக்கிச்சு, இவ்வளவையும் மறைக்காம சொன்னாரு. நான் உடனே 1985ல கேரளாவுல இதே மாதிரி மூணு பிள்ளைங்க தேசிய கீதம் பாடாம எந்திரிச்சு மரியாதையா நின்னதுக்காக ஸ்கூலை விட்டு அனுப்பப்பட்ட பிஜோ இம்மானுவேல் வழக்கைச் சொன்னேன், 1986ல நம்ம சுப்ரீம் கோர்ட் பிள்ளைங்க பக்கம் நின்னதைச் சொன்னேன், அந்தத் தீர்ப்புல இந்த அமெரிக்க வழக்குகளைப் பத்தியும் பேசியிருக்காங்கன்னு சொன்னதும் மனுஷன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம், நோட்டை எடுத்து எழுதிக்கிட்டாரு. கத்துக்குடுக்க வந்தவர் கத்துக்கிட்டும் போனாரு பாருங்க, எக்ஸ்சேஞ்சுங்கிறதுக்கு அதைவிட என்ன வேணும்.

பிலடெல்பியாவுல ரிச்சர்ட் ஆலன் கறுப்பின மக்களுக்காக ஆரம்பிச்ச மதர் பெத்தேல் சர்ச் பத்தித்தான் நான் நிறைய எழுதணும். ஆலன் அடிமையாப் பொறந்து தன்னோட விடுதலையைத் தானே காசு குடுத்து வாங்குனவர். வெள்ளைக்காரங்க சர்ச்ல முட்டி போட்டு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்த கறுப்பின மக்களை எந்திரிங்கன்னு இழுத்தப்ப அவரும் அப்சலம் ஜோன்ஸும் மத்தவங்களும் மொத்தமா வெளிய வந்துட்டாங்க. அதுக்கப்புறம் 1793ல பிலடெல்பியாவுல மஞ்சள் காய்ச்சல் வந்துச்சு, சில மாசத்துல அஞ்சாயிரம் பேர் கிட்ட செத்துப்போனாங்க, வசதி இருந்தவன்லாம் ஊரைக் காலி பண்ணிட்டான், கூடப் பொறந்தவங்களே கிட்ட வரப் பயந்தாங்க. அப்ப கறுப்பின மக்களுக்கு இந்தக் காய்ச்சல் வராதுன்னு அந்தக் காலத்துப் பெரிய டாக்டர் பெஞ்சமின் ரஷ் தப்பா நம்பி உதவி கேக்க, ஆலனும் ஜோன்ஸும் தங்களோட சுதந்திர ஆப்பிரிக்க சங்கத்து ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வீடு வீடாப் போனாங்க. நோயாளியைப் பாத்துக்கிட்டாங்க, பொணத்தைத் தூக்குனாங்க, அடக்கம் பண்ணாங்க, அவங்கள்லயும் நிறைய பேர் அதே காய்ச்சல்ல போயிட்டாங்க. கடைசில ஒருத்தர் இவங்க அதிகமா காசு புடுங்கினாங்க, திருடுனாங்கன்னு புத்தகத்துல எழுதி வச்சாரு, அதுக்கு ரெண்டு பேரும் 1794ல கணக்கு வழக்கோட பதில் எழுதி அச்சடிச்சு வெளியிட்டாங்க. அதே வருஷம்தான் பெத்தேல் சர்ச்சும் திறந்துச்சு.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்ன அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். ஆலனோட சமாதி இருக்குற கீழ்த்தளத்துக்கு எங்களைக் கூட்டிட்டுப் போயி, கைத்தடியைச் செவுத்துல சாய்ச்சு வச்சுட்டு நின்னபடியே பேசினாங்க, உக்காரச் சொல்லியும் உக்காரல. உங்களை வெளிய இழுத்துப் போட்டவங்க வீட்டுக்கே எப்படிம்மா போய் நோயாளியைப் பாக்க மனசு வந்துச்சுன்னு நம்ம பாஸ்டர் கேட்டாரு. அவர் ஊர்லயும் கலவரம் பாத்தவரு, சும்மா கேக்கல. காய்ச்சல் வந்தவன் காய்ச்சல் வந்தவன்தானேன்னு மட்டும் சொன்னாங்க. அம்மா, உங்களுக்குத் தனியா ஒரு நன்றி. நிவாரண வேலை பாக்குற எங்களுக்கெல்லாம் அந்த ஒரு வரி போதும்.

இன்னொரு நாள் ஒரே மேசையில ரெண்டு வக்கீல்களை உக்கார வச்சாங்க. ஃபுல்டன் வழக்கு பத்தி. பெற்றோர் பராமரிப்பு இல்லாத பிள்ளைங்களை வளர்ப்புக் குடும்பத்துல சேர்க்கிற வேலையை கத்தோலிக்க சேவை அமைப்பு ரொம்ப காலமா செஞ்சுக்கிட்டு இருந்துச்சு, ஒரே பாலினத் தம்பதிகளுக்கு வளர்ப்புப் பெற்றோர்னு எங்க நம்பிக்கைப்படி சான்று குடுக்க முடியாதுன்னு சொன்னதால 2018ல பிலடெல்பியா நகராட்சி அவங்ககிட்ட பிள்ளைங்களை அனுப்புறதை நிறுத்துச்சு, 2021ல உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவா அமைப்புக்கு சாதகமா தீர்ப்பு குடுத்துச்சு. நகராட்சி ஒப்பந்தத்துலயே விதிவிலக்கு குடுக்க இடம் இருக்கு, அப்ப இவங்களுக்கு மட்டும் ஏன் மறுக்கணும்ங்கிறது தீர்ப்போட மையம். ரெண்டு வக்கீலும் எதிரெதிர் பக்கம், ஆனா ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் வாய் திறக்கல. எனக்குப் படுறதைச் சொல்றேன், பொதுப்பணத்துல சேவை செஞ்சா வாசல்ல வந்து நிக்கிற யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, அதே நேரம் மனசாட்சிக்காக நிக்கிறவங்களை சேவையை விட்டே வெளியேத்துறதால நஷ்டம் பிள்ளைங்களுக்குத்தான். இது சுலபமா தீர்ற விஷயம் இல்லன்னு எங்களுக்கு நேர்மையா காட்டுனதுக்கு ரெண்டு பேருக்கும் நன்றி.

குவேக்கர்ங்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர்களுக்கும் நன்றி. அவங்க வழிபாட்டுக்குக் கூடுற ஆர்ச் தெரு கூட்ட அரங்கு, பாட்டு இல்ல, பிரசங்கம் இல்ல, எல்லாரும் சும்மா உக்காந்திருக்கோம், யாருக்காவது தோணுனா எந்திரிச்சு ரெண்டு வார்த்தை பேசுறாங்க. 1917ல அவங்க ஆரம்பிச்ச சேவை அமைப்பு முதல் உலகப் போருக்கப்புறம் தோத்துப்போன ஜெர்மனிப் பிள்ளைங்களுக்கு சோறு போட்டுச்சு, 1947ல பிரிட்டன் குவேக்கர்களோட சேர்ந்து நோபல் அமைதிப் பரிசும் வாங்குச்சு. எதிரி நாட்டுப் பிள்ளைன்னு பாக்காம போட்டாங்கல்ல, அதுதான் பெருசு.

அப்புறம் லான்காஸ்டர் பக்கத்துல இருக்குற, மென்னோனைட்ங்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பாட்டிமார்களே, உங்களை மறப்பேனா! பெரிய மரச்சட்டத்துல போர்வையை இழுத்துக் கட்டியிருந்தாங்க, மேல சதுரம் சதுரமா வெட்டித் தைச்ச துணி, நடுவுல பஞ்சு, அடியில இன்னொரு துணி. தடிமனான நூலை ஊசில கோத்து மூணையும் சேர்த்துக் குத்தி எடுத்து, வலதை இடது மேல போட்டு ஒரு முடிச்சு, அடுத்து இடதை வலது மேல போட்டு இன்னொரு முடிச்சு, வரிசையை மாத்துனா துவைக்கும்போது அவுந்துரும்னு என் கையைப் புடிச்சு காட்டுனாங்க ஒரு பாட்டி. நாலு விரல் தூரத்துக்கு ஒரு முடிச்சு, போட்டு முடிச்சதும் ஒவ்வொண்ணையும் இழுத்து இழுத்துப் பாத்தாங்க. இது யாருக்குப் போகுதுன்னு கேட்டேன். அகதிகளுக்குன்னு தெரியும், எந்த நாடு எந்த மதம்னு எங்களுக்குத் தெரியாதுன்னாங்க. நம்ம லெபனான் தம்பி அப்படியே ஊசியைக் கீழ வச்சுட்டாரு. இதே மாதிரி முடிச்சுப் போட்ட போர்வைங்களை சிரியா அகதிக் குடும்பங்களுக்கு அவர் கையாலயே பிரிச்சுக் குடுத்திருக்காராம். அதைச் சொன்னதும் பாட்டிங்க எல்லாரும் வேலையை நிறுத்திட்டு, குளிருக்குப் போதுமா இருந்துச்சா, சைஸ் சரியா இருந்துச்சான்னு கேள்வி மேல கேள்வி. நிவாரண வேலை பாக்குற அவங்களோட மத்திய குழு 1920ல உக்ரைன் பக்கம் பஞ்சத்துல வாடுன தங்க சொந்தக்காரங்களுக்காக ஆரம்பிச்சதாம், இப்ப சொந்தம் யாருன்னு கேக்குறதே இல்ல.

எங்க பக்கம் என்ன நடக்குதுன்னும் சொல்லிடுறேன், உங்க உழைப்பு எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியணும்ல. நிவாரணப் படிவத்துல மதம்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அது எதுக்குன்னு குழுக் கூட்டத்துல பேசி எடுத்துட்டோம். அடுத்த மருத்துவ முகாமை பக்கத்துப் பள்ளிவாசல், சர்ச் ரெண்டோடயும் சேர்ந்து நடத்துறோம், இடம் அவங்க, சாப்பாடு நாங்க, டாக்டர்களைக் கூட்டிட்டு வர்றது எல்லாரும். டீச்சர் அவங்க பள்ளி மாணவிங்க போர்வை தைக்க ஆரம்பிச்ச போட்டோ அனுப்பியிருக்காங்க, பாட்டிங்களுக்கு யாராவது அதைக் காட்டிடுங்க, முடிச்சு சரியா இருக்கான்னு அவங்க பாத்து சொல்லணும்னு டீச்சர் கேட்டாங்க.

நன்றியோட,
அன்னதானக் குழுல இருந்து உங்க ஆளு