குமார் அண்ணையோடு நீ கதைக்க வேணும்

மல்லாவி

அன்பின் சிறி,

இங்கு எல்லோரும் சுகம். காலபோக விதைப்பு முடிந்துவிட்டது. பனியைப் படமெடுத்து அனுப்புகிற கைக்கு நாலு வரி எழுத மட்டும் வலிக்குதோ? சரி, உன்னைப் பேச இப்போது நேரமில்லை. விஷயம் குமார் அண்ணையைப் பற்றியது.

ஈரல் இறுகிவிட்டது என்று போன வருடமே சொன்னார்கள். கள்ளுத் தவறணை வாசலை மிதிக்காத மனிசன். சீனி வருத்தமும் ஈரலில் படிந்த கொழுப்பும்தான் காரணம். ஆனாலும் ஊர், ஒளித்துக் குடித்திருப்பார் என்கிறது. வயிறு எரிகிறது. போன கிழமை இரவு என்னை மணியம் என்று கூப்பிட்டு, மாட்டை அவிழ்த்துக் கட்டினியோ என்று கேட்டார். மணியத்தின் கதை உனக்குத் தெரியும். எனக்குக் கை கால் ஓடவில்லை.

பேராதனையில் ரேடியோகிராபி படிக்கும் மூத்தவளிடம் கேட்டேன். அவள் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் முக்கால்வாசி குடல் பக்கமிருந்து ஈரல் வாயி நாளத்தால் வருகிறது. ஈரல் இறுகினால், அடைத்த வாய்க்காலில் தண்ணீர் வரம்பு மேவிப் போவதுபோல், அந்த இரத்தம் பக்க நாளங்களால் சுற்றி நேரே இதயத்துக்குப் போய்விடும். அதைக் கண்ணால் காணவே ஒரு வழி இருக்கிறது! டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளில் கொஞ்சத்தை மலக்குடலின் மேற்பகுதியில் விட்டு, காமா கமராவால் பார்ப்பார்கள். நல்ல உடம்பில் முதலில் ஈரல் துலங்கும், பிறகுதான் இதயம். ஈரல் இறுகியவருக்கு இதயம் கூடவே, சிலவேளை முந்தியே துலங்கும். எவ்வளவு இரத்தம் குறுக்கால் போகிறதென்று கணக்கும் போடலாம். கதிர் என்றதும் பயப்படாதே, 6 மணித்தியாலத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். இப்போது பெரும்பாலும் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கானும், குழாய்க் கமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியும்தான். அண்ணைக்கும் அவைதான் செய்தார்கள்.

குடலில் உண்டாகும் அமோனியா ஈரலில் வடிபடாமல் மூளைக்குப் போவதால்தான் அந்த இரவுப் பேச்சு. அதைக் குறைக்கத்தான் லக்டுலோஸ் பாணி. மனிசன் அதைக் குடிப்பதில்லை, சிறி! வயிற்றால போகுது, வயலில் நிற்கேலாது என்று போத்தலை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். நாளைக்கு இரண்டு மூன்று தரம் இளக்கமாகப் போனால்தான் மருந்து வேலை செய்கிறது. அக்கா அழுதும் பார்த்துவிட்டா. நான் சொன்னால், பள்ளிக்கூடப் பொடியளுக்குச் சொல்லு என்கிறார். உழவு மிஷின் விஷயத்தில் உன் சொல்லைத்தானே கேட்டவர், இதிலும் கேட்பார்.

இங்கத்தைய விடியற்காலையில் எடு, அப்போது தெளிவாக இருப்பார். அக்காவின் போனுக்கே எடு. அண்ணையின் போனில் எந்த நாளும் சார்ஜ் இல்லை.

அன்புடன்,
ரவி